சேனை வைத்த கை

பொன்னுமணியின் வலது கைக்குப் போடியில் அவள் குடியிருந்த தெருவே கட்டுப்பட்டுக் கிடந்தது. அப்படியொன்றும் அழகான கையில்லை. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் நாள் முழுக்கக் குத்தவைத்துக் காய் பொறுக்கியதில் விரல் நுனிகள் காய்ப்புக் காய்த்துப் போயிருந்தன. எந்நேரமும் ஏலக்காய் வாசம் அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதலில் தேடுவது அந்தக் கையைத்தான்.

பிள்ளை பூமியில் விழுந்ததும் அதன் நாக்கில் கருப்பட்டித் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்குச் சேனை வைப்பது என்று பெயர். சேனை வைக்கிறவர்களின் குணமும் ராசியும் பிள்ளைக்கு வந்து சேரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. சிடுமூஞ்சியை யாரும் கூப்பிடமாட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார்கள். பொன்னுமணி பெற்றது நான்கு, நான்கும் உயிரோடு இருந்தன. பேதியும் காய்ச்சலும் வருஷம் தவறாமல் தொட்டில்களைக் காலி செய்துகொண்டிருந்த எழுபதுகளில் அது லேசான காரியமில்லை.

அதுவும் நான்கையும் அவள் மலையில் பெற்றாள். புருஷன் திருப்பதிக்கு அப்போது குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காவல் வேலை. காய் எடுக்கும் காலமும் மழைக்காலமும் ஒன்றாகத்தான் வரும். ஓடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் கீழேயிருந்து ஒரு ஈ காக்கை மேலே வர முடியாது. தகரக் கொட்டகையில் திருப்பதி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவளே பெற்று, அவளே கொடியை அறுத்து, அட்டையும் குளிருமாகக் கிடந்த இடத்தில் நான்கையும் வளர்த்தெடுத்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் கீழே இறங்கிக் கிட்டங்கி வேலைக்கு வந்துவிட்டாள்.

“மலங்காட்டுலயே பிள்ளைகளத் தக்கவச்சுக் கொண்டுவந்தவ. அவ விரலு பட்டாப் போதும்” என்றார்கள். கூப்பிட்ட வீடுகளில் வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்கள். பொன்னுமணிக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டங்கியில் கூலிக்குக் காய் பொறுக்குகிறவளைப் பெரிய வீட்டுக்காரிகள் வாசல் வரைக்கும் வந்து அழைத்துப்போனால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

அவள் கை பட்ட பிள்ளைகளும் செத்தன. அதைச் சொல்லாமல் விட்டால் கதையே பொய்யாகிவிடும். ஆனால் செத்தால் அது பிள்ளையின் விதி, பிழைத்தால் அது பொன்னுமணியின் கை. ஊர் நியாயம் அப்படித்தான் பேசியது.

அப்படிச் செத்ததில் ஒன்று அவளுடைய தங்கச்சி ஒச்சம்மாளின் மகன்.

ஒச்சம்மாளைப் பொட்டிபுரத்தில் காசிமாயனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. கொஞ்சம் கொல்லை, நான்கு மாடு, குறைவில்லாத வீடு. முதல் பிள்ளைக்கு மாமியார் ராமுத்தாய் சேனை வைத்தாள். அது தங்கவில்லை. இரண்டாவது ஆம்பளைப் பிள்ளை. ஒச்சம்மாள் பிடிவாதமாக அக்காளை வரவழைத்தாள். பொன்னுமணி கருப்பட்டித் தண்ணீரில் விரலை நனைத்து அவன் நாக்கில் வைத்தாள். அவன் அந்த விரலை விடவில்லை, ஈறால் கவ்விச் சப்பினான். “பாரு, என்னமா இழுக்குறான்” என்று அவள் சிரித்தாள்.

பிறகு வழக்கம்போல எல்லாம் நடந்தது. முதலில் ஊறும் மஞ்சள் பால் கெட்ட பால், பிள்ளைக்கு ஆகாது என்று அதைக் கிண்ணத்தில் பீய்ச்சி வாழை மரத்தடியில் ஊற்றினார்கள். வெள்ளைப் பால் இறங்கும் மட்டும் துணித்திரியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தார்கள். தண்ணீர் வாய்க்காலில் மொண்ட தண்ணீர். மூன்றாம் நாள் மாரில் போட்டபோது அவனுக்கு இழுக்கத் தெம்பில்லை. பேதி கண்டிருந்தது. பேர் வைக்கும் முன்பே காசிமாயன் அவனைத் துண்டில் சுற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனான்.

பொன்னுமணி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவள்தான் அவளைத் தேற்றினாள். “உன் கை பட்டே நிக்கலைன்னா அது நிக்கிற பிள்ளையே இல்லக்கா. நீ எதுக்கு அழுகுற?” என்றாள் ஒச்சம்மாள்.

அந்த வார்த்தையைப் பொன்னுமணி ஆறுதலாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்தத் தெருவுக்குப் புதிதாக ஒரு நர்சம்மா வந்தாள். அரசாங்க வேலை. வெள்ளைச் சேலை, தோளில் பை, வெயிலில் கறுத்த முகம். வீடு வீடாகப் போவாள், பாதி வீட்டில் கதவைச் சாத்துவார்கள். ஒரு நாள் மத்தியானம் கிட்டங்கிப் பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பொன்னுமணியைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இந்தத் தெருவுல பிள்ளை செத்த வீட்டுக்கெல்லாம் போய்ட்டு வர்றேன். யாரு சேனை வச்சதுன்னு கேட்டா முக்காவாசி வீட்டுல உங்க பேரச் சொல்றாங்க.”

பொன்னுமணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பொழச்சுக் கெடக்குற பிள்ளைகளுக்கும் நாந்தேன் வச்சேன். எம் பிள்ளைக நாலும் கல்லாட்டம் இருக்கு, போயிப் பாருங்க.”

“பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு.” நர்சம்மா கோபப்படவில்லை. “அதுகளுக்கு யாரு சேனை வச்சா?”

“யாரு வைக்கிறது? மழ. ஓட தாண்டி யாரு வர்றது?”

“கருப்பட்டித் தண்ணி?”

“கொட்டகைல உப்புக்கே வழியில்ல. கருப்பட்டிக்கு எங்க போக?”

“பின்ன என்ன குடுத்தீங்க?”

“என்னத்தக் குடுக்க? அழுதுச்சு, மாருல போட்டேன். ஊறுனதக் குடிச்சுச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது பொன்னுமணியின் காதில் விழுந்தது. கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

நர்சம்மா மெதுவாகப் பேசினாள். “பெத்தவ உடம்பு இத்தன வருஷமா எந்தெந்த நோயோட மல்லுக்கட்டி ஜெயிச்சிருக்கோ, அந்த நோய எதிர்க்கிற சத்து எல்லாம் அந்த மஞ்சப் பால்லதான் கெட்டியா இருக்கு. பச்சப் பிள்ளைக்கு அதச் சொந்தமா உண்டாக்கத் தெரியாது. தாய்கிட்ட இருந்துதான் வாங்கணும். அது குடலுக்குள்ள போயி மெழுகுன மாதிரி நிக்கும், கிருமிய ஒட்ட விடாது. நீங்க அதக் கொண்டுபோய் வாழைக்கு ஊத்துறீங்க. வாய்க்காத் தண்ணிய பிள்ளைக்கு ஊத்துறீங்க.”

“அப்ப நாந்தேன் கொன்னேங்கிறீகளா?”

“அப்படிச் சொல்ல வரல. பால் குடிச்ச பிள்ளைகளும் சில நேரம் சாகத்தான் செய்யுது. ஆனா காவல் இல்லாத வீட்டுக்குள்ள எவன் வேணாலும் வருவான்ல?” பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “என் பேச்ச இங்க யாரும் கேக்குறதில்ல. நீங்க சொன்னா கேப்பாங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

அவள் போனபின் பொன்னுமணி வேலைக்கு உட்கார்ந்தாள். பச்சைக் காய் தனியாக, வெளுத்தது தனியாக, வெடித்தது தனியாகப் பிரிக்க வேண்டும். கை தன்பாட்டுக்குப் பிரித்தது. மனசு மட்டும் அந்தப் பிள்ளையின் ஈறு விரலைக் கவ்விய இடத்திலேயே நின்றது. நர்சம்மா சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று குலசாமியைக் கும்பிட்டாள்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்தது. காசிமாயன் கிட்டங்கி வாசலில் வந்து நின்றான். ஒச்சம்மாளுக்கு மூன்றாவது பேறு.

“மதினி, வலி கண்டிருச்சு. உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னா. வெரசாக் கெளம்புங்க.”

பஸ்சிலிருந்து இறங்குகிற இடம் நெருங்கும்போது, “இதுவும் போச்சுன்னா அவ உசுரோட இருக்கமாட்டா மதினி. கெணத்தடிக்குத் தனியாப் போறா, வர்றா. எனக்குப் பயமாக் கெடக்கு” என்றான்.

பொன்னுமணி வழி நெடுக ஒரு தந்திரம் யோசித்துக்கொண்டு வந்தாள். விரலை நனைக்காமல் நனைத்ததுபோல் காட்டி, வெறும் விரலை நாக்கில் வைத்துவிட்டால் என்ன? யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னால்தானே செத்த பிள்ளையைப் பற்றிய கேள்வி வரும். தங்கச்சிக்கு இந்த உலகத்தில் அக்காளை விட்டால் வேறு பிறந்த வீட்டுத் துணை கிடையாது. அந்தப் பாசத்தைத் தன் வாயாலேயே முறித்துக்கொள்ள அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அவள் உள்ளே நுழையவும் பிள்ளை பிறக்கவும் சரியாக இருந்தது. பெண் பிள்ளை. சின்னதாக, ஆனால் நல்ல குரலோடு அழுதது. ராமுத்தாய் கருப்பட்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால் ஓரமாக எல்லாம் தயாராக இருந்தது. கிழித்த வெள்ளைத் துணித்திரி, ஒரு சொம்பு சர்க்கரைத் தண்ணீர், மஞ்சள் பாலைப் பீய்ச்சி ஊற்ற வெறும் கிண்ணம் ஒன்று. அதைப் பார்த்ததும் பொன்னுமணிக்குத் தன் தந்திரம் எதற்கும் உதவாது என்று தெரிந்துபோயிற்று. அவள் விரல் காய்ந்திருந்தால் போதுமா? அடுத்த மூன்று நாளும் அந்தச் சொம்புத் தண்ணீர்தான் பிள்ளைக்குள் இறங்கும்.

“வையி பொன்னு. உன் ராசி இதுக்காவது ஒட்டட்டும்” என்றாள் ராமுத்தாய்.

பொன்னுமணி கிண்ணத்தின் மேல் விரலை வைத்தபடி நின்றாள்.

“வேணாம்த்தே. இது வேணாம். பிள்ளைய மாருல போடுங்க.”

“என்னாது?”

“மஞ்சப் பாலு கெட்ட பால் இல்ல. அதேன் பிள்ளைக்குக் காவலு. ஈத்த மாட்டுச் சீம்பால கன்னுக்கு விடாமக் கட்டிப் போடுவீகளா?”

“மாடும் மனுசியும் ஒண்ணா? புத்தி கித்தி பெரண்டுபோச்சா உனக்கு?”

பாயில் கிடந்த ஒச்சம்மாள் தலையைத் தூக்கினாள். உதடு வறண்டிருந்தது. “ஏக்கா, என் பிள்ளைக்கு வைக்க உனக்கு மனசு வரலையா? ஊருக்கெல்லாம் வைக்கிறியே.”

இனி மறைக்க வழியில்லை. பொன்னுமணி தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “எம் பிள்ளைகளுக்கு யாரும் சேனை வைக்கலடி. வைக்க ஆளில்ல. பெத்த கையோட மாருல போட்டேன், மஞ்சப் பாலக் குடிச்சுச்சுக. அதேன் நின்னுச்சுக. என் கைல ஒரு ராசியும் இல்ல.”

ராமுத்தாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை ணங்கென்று கீழே வைத்தாள். “ஆம்பளப் பிள்ளையா இருந்தா உன்னய இந்தப் பேச்சுப் பேச விட்ருப்பனா? பொட்டப் பிள்ளதான. அக்காளும் தங்கச்சியும் என்னமும் செஞ்சு பாருங்க” என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டத்துக்குப் போய்விட்டாள்.

போனால் போகட்டும் என்றுதான் அந்தப் பெண்ணைப் பரீட்சைக்கு விட்டார்கள். அவள் உயிரைக் காப்பாற்றியதும் அந்த அலட்சியம்தான். இதற்குச் சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று சொல்லத் தெரியவில்லை.

பொன்னுமணி பிள்ளையைத் தூக்கித் தங்கச்சியின் மாரில் போட்டாள். கொஞ்ச நேரம் முட்டி மோதிவிட்டுப் பிள்ளை பிடித்துக்கொண்டது. வாயோரத்தில் மஞ்சளாக ஒரு சொட்டு கசிந்தது. தேனைப்போலக் கெட்டியாக இருந்தது. ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு அக்காளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். பிள்ளையைத் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பொன்னுமணி கிட்டங்கிக்குப் போகாமல் அங்கேயே தங்கினாள். திரியையும் சொம்பையும் பிள்ளையின் பக்கம் அண்டவிடாமல் காவல் இருந்தாள். தான் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அப்படி இருந்ததில்லை. ஒச்சம்மாள் கேட்டதற்குப் பதில் சொன்னாளே தவிர, தானாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நாள் விடியக்காலம் பிள்ளையின் உடம்பு சுட்டது. பால் குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது. காசிமாயன் வாசலில் வந்து நின்று உள்ளே வரப் பயந்து திரும்பினான். பொன்னுமணி ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். அப்போது அவள் மனசுக்குள் ஓர் எண்ணம் நுழைந்தது. இதுவும் போய்விட்டால் நர்சம்மா சொன்னது பொய்யென்று ஆகிவிடும். மஞ்சள் பாலுக்கும் ஒன்றுமில்லை, கருப்பட்டித் தண்ணீருக்கும் ஒன்றுமில்லை. ஒச்சம்மாளின் மகன் செத்ததற்கும் தன் விரலுக்கும் சம்பந்தமில்லை.

நினைத்த மறுகணமே உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். அந்த வாழையின் கன்று மரமாகி அங்கேதான் நின்றது. பாலூற்றி வளர்த்த வாழை, தார் தள்ளி நன்றாகவே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தண்டில் நெற்றியை முட்டிக்கொண்டாள். தான் இத்தனை ஈனப்பட்டவள் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

பொழுது உச்சிக்கு வரும்போது பிள்ளைக்கு வியர்த்துச் சூடு தணிந்தது. ஒச்சம்மாள் மாரைக் கொடுத்தாள், அது இழுத்துக் குடித்தது. அதன் பிறகு அந்தப் பிள்ளையைக் காய்ச்சல் அண்டவில்லை. நாளுக்கு நாள் தேறியது. அது தேறத் தேற, செத்தவன் எப்படிச் செத்தான் என்பதும் தெளிவாகிக்கொண்டு வந்தது. பொன்னுமணி சந்தோஷப்பட்டாள், நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தோடு சேர்த்து அதையும் விழுங்க வேண்டியிருந்தது.

போடிக்குத் திரும்பியபின் சேனைக்குக் கூப்பிட்டவர்களிடம் மேலுக்குச் சுகமில்லை, சோலி கிடக்கிறது என்று சாக்குச் சொன்னாள். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. தங்கச்சி வீட்டில் ஒருமுறை சொன்னதே போதும் என்றிருந்தது.

பிள்ளை தவழ ஆரம்பித்த சமயம் பொன்னுமணி ஒரு பொழுது பொட்டிபுரம் போனாள். ஒச்சம்மாள் காப்பி கொடுத்தாள். ஊர்ச் சேதி ஒன்றிரண்டு சொன்னாள். எல்லாம் அந்நியத்தாருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். இரண்டு பேரும் வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் வெற்றிலைத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவள் மருமகளுக்கு நாள் நெருங்கியிருந்தது.

“பொன்னுமணி, உன்னயத்தேன் தேடிக்கிட்டிருந்தேன். எம் மருமகளுக்கு நீதேன் வந்து சேனை வைக்கணும். இந்தா, இந்தக் குட்டியப் பாரு. ரெண்டு போன வீட்டுல உன் கை பட்டு எப்பிடித் தளதளன்னு இருக்கு. ராமுத்தாய் ஊர்பூராம் சொல்லிட்டா, எல்லாம் மூத்தவ கைராசின்னு.”

மஞ்சள் பால் கொடுத்த கதையை வெளியே சொல்ல ராமுத்தாய்க்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பொன்னுமணி தட்டை வாங்கவுமில்லை, விலக்கவுமில்லை. என்ன சாக்குச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் ஒச்சம்மாள் பேசினாள். குரல் உயரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“யக்கா இவளுக்குச் சேனை வைக்கல. அதேன் இவ இருக்கா. எம் மகனுக்கு வச்சா.”

சுப்புத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பொன்னுமணியின் முகத்தையே பார்த்தாள். சொல்லியிருக்கலாம். பிள்ளை போன துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று சிரித்து மழுப்பியிருந்தால் சுப்புத்தாய் சந்தோஷமாக நம்பியிருப்பாள். தட்டில் ரவிக்கைத் துணிகூட இருந்தது, நல்ல அரக்குச் சிவப்பு.

“அவ சொல்றது நெசந்தேன்” என்றாள் பொன்னுமணி. “உம் மருமகளுக்கு யாரையும் கூப்பிடாத. பிள்ள பெறந்ததும் மாருல போடச் சொல்லு. மொதப் பாலக் கீழ ஊத்தாத. தண்ணி ஒரு சொட்டு ஆகாது. நான் வச்ச வீட்டுல எத்தனையோ போயிருச்சு சுப்புத்தாயி.”

சுப்புத்தாய் தட்டை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். அந்தக் கையின் நிழல்கூட அதன் மேல் படக்கூடாது என்பதுபோல் முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள். கேட்டதைச் செய்வாளா என்று தெரியாது. ஆனால் சாயங்காலத்துக்குள் சேதி போடி வரைக்கும் போய்விடும், அது நிச்சயம்.

பொன்னுமணி கிளம்பினாள். பிள்ளைக்கு அவள் கையின் ஏலக்காய் வாசம் பிடித்துப்போயிற்றோ என்னவோ, ஒச்சம்மாளின் இடுப்பிலிருந்து எட்டி அந்த விரலைப் பிடிக்கத் தாவியது. பொன்னுமணி தன்னையறியாமல் கையை நீட்டினாள்.

ஒச்சம்மாள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “பஸ்சுக்கு நேரமாச்சு. வெரசாப் போ” என்றாள்.